உப்புத்தாள்

1

இந்தக் கதை இரண்டு வாக்கியங்களிலிருந்து பிறந்தது. இரண்டுமே என்னிடம் சொல்லப்பட்டவை அல்ல.

தோல் சிகிச்சைப் பிரிவின் காத்திருப்பு அறையில் மூக்கின் மேல் அலுமினியத் தாளை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூக்கில் சொரசொரப்பாக ஒரு திட்டு. புற்று அல்ல, விட்டால் ஒருநாள் புற்றாகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். திட்டின் மேல் ஒரு களிம்பைத் தடவி, வெளிச்சம் படாமல் மூடி, மூன்று மணி நேரம் ஊறவிட்டு, பிறகு ஒரு சிவப்பு விளக்கின் கீழே படுக்க வைப்பார்கள். எதிர் வரிசையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவருடைய வழுக்கை மண்டையிலும் நெற்றிப்பொட்டிலும் அதே அலுமினியத் தாள். அந்த அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னது:

“நீங்க சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்.”

அவர் சொன்னது:

“சொல்லு. அப்புறம் யாரு மேல ஏறுவா?”

அந்த நேரம் பார்த்து நர்ஸ் என்னைக் கூப்பிட்டுவிட்டார். விளக்கறையிலிருந்து நான் வெளியே வந்தபோது இரண்டு நாற்காலிகளும் காலி.

எதைச் சொல்வது, யாரிடம், எதன் மேல் ஏறுவது, எதுவும் எனக்குத் தெரியாது. கண்ணில் பட்டது இன்னும் ஒன்றே ஒன்று. அவருடைய நகக்கண்களில் செங்காவி நிறப் பெயின்ட் ஒட்டியிருந்தது. இனி வருவதெல்லாம் நான் கட்டியது. கட்டும்போது நட்ட சாரத்தை அங்கங்கே பிரிக்காமல் விட்டிருக்கிறேன். கால் இடறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: “அந்த மனிதர் வாழ்நாளில் வெளிச்சத்துக்குப் பயந்ததே இல்லை.” அடித்துவிட்டேன். யார்தான் பயந்தார்கள்?

இரண்டாம் தொடக்கம்: “ஒளி என்றால் அறிவு என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால்” — இந்த ‘ஆனால்’ வந்ததும் கை நின்றது. பேச்சுப் போட்டி வாடை. அந்த விளக்கின் கீழே படுத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது எதையும் விளங்க வைக்கவில்லை. எரித்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் தொடக்கம்: “குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, பாலத்துக்காரர் தன் நெற்றிப்பொட்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.”

இதை எழுதியதும் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

(உப்புத்தாள் என் கற்பனை. அந்த நகக்கண் நிறத்தை வைத்துக்கொண்டு விசாரித்ததில், இரும்புக்கு அடிக்கும் முதல் பூச்சு அது என்று தெரிந்தது. அந்தத் தொழிலில் இருக்கும் வேறொருவரைப் போய்ப் பார்த்தேன். “பெயின்ட் அடிக்கிறது யாரு வேணா அடிக்கலாம் சார். சுரண்டறதுதான் வேலை,” என்றார் அவர். அந்த ஒரு பேச்சிலிருந்துதான் இந்தக் கதையின் தவறு முளைத்தது.)

3

ஆகவே அவரைப் பாலத்துக்காரர் என்று அழைக்கிறேன். ஆற்றின் குறுக்கே நிற்கும் இரும்புப் பாலத்துக்குப் பெயின்ட் அடிப்பது அவர் வேலை. இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கயிறு, கயிற்றின் மறுமுனை மேலே உத்தரத்தில். தலைக்கு மேல் வெயில். காலுக்குக் கீழே தண்ணீர், அதிலிருந்து திரும்பி வரும் இன்னொரு வெயில். ஹெல்மெட் போட வேண்டும் என்பது விதி. மேற்பார்வையாளர் வரும் அன்று போடுவது வழக்கம்.

கம்பி பிரஷ்ஷால் துருவை உதிர்த்து, உளியால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, அப்புறம்தான் டப்பாவைத் திறப்பார். இளைஞர்கள் யாராவது துருவின் மேலேயே பூசிக்கொண்டு போனால், கயிற்றில் தொங்கியபடியே ஒரு பிரசங்கம் நடக்கும்.

அவர் மனைவி ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல்களை எடை போட்டு, ஒட்டி, அனுப்புகிறவள். (அவரை ‘அவர்’ என்றும் அவளை ‘அவள்’ என்றும் எழுதுகிறேன். இருவரையும் ‘அவர்’ என்றால் யார் பேசுவது என்று உங்களுக்குக் குழம்பும். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.)

முதல் தடவை டாக்டரிடம் போனபோது, மண்டையில் இருந்த திட்டிலிருந்து துளி கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மேல்தோலோடு நிற்கும் புற்று, ஆழமாகப் போகாதது என்று முடிவு வந்தது. “நம்ம நிறத்துக்கு இது அதிகம் வராது,” என்றார் டாக்டர். “அதுக்காக வரவே வராதுன்னு இல்ல.” நெற்றிப்பொட்டில் இருந்தது வேறு மாதிரி. தடித்து, பொருக்குத் தட்டி, விரல் வைத்தால் உயரம் தெரிந்தது. “இதைப் பொருக்கு இளகினதும் தொட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்,” என்றார்.

சிகிச்சை நாள் நெருங்கியதும் நர்ஸ் தொலைபேசியில் சொன்னார்: “எண்ணெய் தடவி நல்லா ஊற வைங்க ஐயா. பொருக்கு இளகட்டும். நீங்களா எதுவும் எடுக்காதீங்க.”

ஊற வைப்பது, இளக வைப்பது. பாலத்துக்காரருக்குத் தெரிந்த சொற்கள். அவற்றுக்கு அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

4

குளியலறைக்கு வெளியே அவள் குரல்.

“உள்ள என்ன பண்றீங்க? சரசரன்னு சத்தம் வருது.”

“தேய்க்கிறேன்.”

“எதை?”

“வேற எதை? என்னைத்தான்.”

அவள் கதவைத் தள்ளினாள். நாலு பக்கமும் ஒழுங்காகக் கத்தரித்த ஈரத்தாள் அவர் கட்டைவிரலைச் சுற்றியிருந்தது. வாஷ்பேசினில் சாம்பல் நிறத்தில் ஏதோ மிதந்தது.

“இது நெத்திங்க. பாலம் இல்ல.”

“எது நெத்தி, எது பாலம்னு எனக்குத் தெரியும். ஊற வைக்கச் சொல்லுச்சுல்ல அந்தப் பொண்ணு? ஊறிடுச்சு. ஊறினதை எடுக்க வேணாமா?”

“எடுக்காதீங்கன்னும் சொன்னாங்க.”

“அது வேலை தெரியாதவங்களுக்குச் சொல்றது. நான் என்ன அறுபதாம் நம்பர் தாளா போட்டேன்? நானூறு. பவுடர் மாதிரி இருக்கும். நாளைக்கு அவங்க மருந்து தடவினா அது புடிக்கணும்ல. அழுக்கு மேல அடிச்சா நிக்குமா?”

அவள் அருகே வந்து பார்த்தாள். ரத்தம் இல்லை. திட்டு மட்டமாக, இளஞ்சிவப்பாக இருந்தது. எத்தனையோ நாளாக அதன் மேல் இருந்த மேடு காணவில்லை.

“நல்லாத்தான் இருக்கு,” என்று அவளும் சொல்லிவிட்டாள்.

[இந்த வரியை இரண்டு தடவை அடித்து, இரண்டு தடவை திரும்ப எழுதினேன். அவளை எச்சரிக்கிறவளாகவே வைத்திருந்தால் எனக்கு வசதி. ஆனால் வழவழப்பாக இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் நிம்மதி வரும். அவளுக்கும் வந்தது.]

இது ஏமாற்று வேலை அல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் எதையும் மறைக்கத் தேய்க்கவில்லை. தன் தொழிலில் நேர்மையான பகுதி எதுவோ அதைத்தான் தன் தலைக்கும் செய்தார். மறைப்பது என்பது அடுத்த நாள் தொடங்கியது.

5

அதற்கு முன்னால் அந்த விளக்கைப் பற்றி ஒரு பத்தி எழுதியாக வேண்டும்.

களிம்பைத் தடவினால், நல்ல செல்களைவிடக் கெட்டுப்போன செல்கள் அதை அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இழுத்து, வெளிச்சம் பட்டால் தாங்காத ஒரு பொருளாக மாற்றி வைத்துக்கொள்கின்றன. அதன் மேல் சிவப்பு விளக்கைப் பாய்ச்சினால் அந்தச் செல்கள் தங்களுக்குள்ளேயே வெந்து சாகின்றன. சுற்றியுள்ள தோல் சிவந்து, உரிந்து, பிழைத்துக்கொள்கிறது. கத்தி இல்லை, தையல் இல்லை, பெரும்பாலும் தழும்பும் இல்லை. ஆனால் அந்த வெளிச்சம் தோலுக்குள் கொஞ்ச தூரம்தான் போகும். ஓர் அரிசியின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே ஏதாவது இருந்தால் விளக்குக்கு அது எட்டாது. மேலே தோல் அழகாக ஆறிவிடும். கீழே இருப்பது இருந்துகொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் ஓர் உவமை வந்து என் சட்டையைப் பிடித்து இழுக்கிறது. துருவின் மேல் அடித்த பெயின்ட். இந்தக் கதையில் அது இவ்வளவு கையருகே கிடப்பதாலேயே நான் எடுக்க மாட்டேன்.

சிகிச்சை நாள் காலை. டாக்டர் பாலத்துக்காரரின் நெற்றிப்பொட்டை இரண்டு விரல்களால் தடவினார். மறுபடி தடவினார்.

“போன தடவை இது தடிப்பா இருந்துச்சே.”

“எண்ணெய் போட்டேன் டாக்டர். சொன்ன மாதிரியே.”

பொய்யில்லை.

“நல்லா இளகியிருக்கு. தட்டையா, மெல்லிசா இருக்கு. அப்ப இதுக்கும் லைட்டே போதும்.” டாக்டர் கையுறையைக் கழற்றினார். “தடிப்பு அப்படியே இருந்திருந்தா லைட் போட்டிருக்க மாட்டேன். வெட்டி எடுத்து, அடியில எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பாத்திருப்பேன். தப்பிச்சீங்க.”

பாலத்துக்காரர் கூரையைப் பார்த்தார். மனைவி பாலத்துக்காரரைப் பார்த்தாள். நர்ஸ் களிம்புக் குழாயின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

(உண்மையில் ஒரு டாக்டர் இப்படி ஏமாறுவாரா என்று எனக்குத் தெரிந்த ஒரு தோல் மருத்துவரைக் கேட்டேன். “சுரண்டினீங்களான்னு கேப்போம். கேக்க விட்டுப்போச்சுன்னா வாய்ப்பு இருக்கு. அவரு தேய்ச்சது வெறும் பொருக்காவும் இருக்கலாம். அடியில ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? உங்க ஆளுதான அவரு?” என்றார். என் ஆள்தான். எனக்கும் தெரியவில்லை.)

6

காத்திருப்பு அறை. ஜன்னல்களில் கனமான திரை. நாற்காலிகளில் அலுமினியத் தாள் ஒட்டிய தலைகள், கன்னங்கள், ஒரு மூக்கு.

“நான் ஒட்டியிருந்தா ஓரம் இப்படித் தூக்கிக்கிட்டு இருக்காது,” என்றாள் அவள், அவர் தலையைப் பார்த்து.

“எடையும் போட்டு அனுப்பிடு.”

“அனுப்பிடுவேன். உடையக்கூடிய பொருள்னு எழுதித்தான் ஒட்டணும்.”

அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள். தாள் சரசரத்தது. பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“அவங்ககிட்ட சொல்லுங்க.”

“எதை?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. மெல்லிசா இருக்கு, மெல்லிசா இருக்குன்னு அவங்க சொல்றாங்க. அது எப்படி மெல்லிசாச்சுன்னு நமக்குத்தான் தெரியும்.”

“பொருக்கைத்தான தேய்ச்சேன். சதையையா தேய்ச்சேன்?”

“எது பொருக்கு, எது சதைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? துரு எங்க முடியுது, இரும்பு எங்க ஆரம்பிக்குதுன்னு கையை வச்சாலே சொல்லுவேன்.”

“அப்ப துரு மேல பெயின்ட் அடிச்சா என்ன ஆகும்னு நீங்களே சொல்லுங்க. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்கள்ல.”

(அந்த உவமையை நான் எடுக்க மாட்டேன் என்றேன். அவள் எடுத்துவிட்டாள். அவளைத் தடுக்க எனக்கு என்ன உரிமை?)

அவர் தூக்கியிருந்த தாளின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“மேஸ்திரியைப் பாத்தீல்ல.”

மேஸ்திரி அவரோடு வேலை செய்தவர். அவருக்கும் இதே நெற்றிப்பொட்டில்தான் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். புருவத்தை உயர்த்தும் நரம்பு அந்த இடத்தில் தோலை ஒட்டினாற்போல ஓடுகிறது. மேஸ்திரிக்குக் கட்டியின் வேர் அதையும் தாண்டிப் போயிருந்தது. வெட்டியபின் ஒரு பக்கத்துப் புருவம் இறங்கியது இறங்கியதுதான். பாதிக் கண்ணை அது மூடிக்கொண்டது. அண்ணாந்து பார்த்தால் உத்தரம் தெரியவில்லை. உத்தரம் தெரியாதவரைக் கயிற்றில் ஏற்ற மாட்டார்கள். இப்போது கிடங்கில் உட்கார்ந்து பிரஷ் எடுத்துக் கொடுக்கிறார்.

“உசுரோட இருக்காரா இல்லையா?”

“இருக்காரு. கீழ இருக்காரு.”

“கீழ இருந்தா என்ன? நானெல்லாம் கீழதான இருக்கேன்.”

“நீ மேல ஏறிப் பாத்ததில்ல. அதனால சொல்ற.”

இதற்குப் பிறகுதான் நான் நிஜமாகவே கேட்ட இரண்டு வாக்கியங்கள் வருகின்றன. இடம் சரியாகத்தான் பொருந்துகிறது.

“நீங்க சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்.”

“சொல்லு. அப்புறம் யாரு மேல ஏறுவா?”

7

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதலாவதில் அவள் சொல்லிவிடுகிறாள். டாக்டர் அந்த ஒரு திட்டை மட்டும் விளக்கிலிருந்து விலக்கி, மரத்துப்போக ஊசி போட்டு, துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார். அடியில் ஒன்றும் இல்லை என்று வந்தால், “வீணா ஊசி குத்த வச்ச” என்று அவர் சொல்லிக்காட்டுவதை அவள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இருக்கிறது என்று வந்தால் கத்தி, புருவம், கிடங்கு. தினமும் சாப்பாட்டு மேசையில் எதிரே பாதி மூடிய ஒரு கண். அவரை உயிரோடு வைத்தவள் அவள்தான் என்பதை அவரும் மறுக்க மாட்டார். நன்றி சொல்லவும் மாட்டார்.

இரண்டாவதில் அவள் வாய் திறக்கவில்லை. தோல் உரிந்து, ஆறி, குழந்தையின் கன்னம் போல ஆகிறது. பாலத்துக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் தலையைச் சாய்த்துக் காட்டுகிறார்: “தழும்பு எங்கன்னு கண்டுபுடி பாப்போம்.” மறுபடி கயிறு, மறுபடி உத்தரம். அவளுடைய விரல் மட்டும், அவர் கவனிக்காத நேரமாகப் பார்த்து அந்த இடத்தைத் தொடுகிறது. கீழே ஏதாவது கெட்டியாக நெருடுகிறதா என்று. அவர் தலையை நகர்த்திக்கொள்கிறார். மாதங்கள் கழித்து மறுபரிசோதனை. டாக்டரின் விரல் அதே இடத்துக்கு வருகிறது, அங்கே

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அரைமனதாக இரண்டு விதமாகவும் முடித்துப் பார்த்தேன். இரண்டிலுமே அந்த விரலின் கீழே என்ன இருக்க வேண்டும் என்பதை நான்தான் வைக்கிறேன். ஒரு மனிதரின் நெற்றியில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு எதையும் வைக்க எனக்குக் கை வரவில்லை.

மூன்றாவதில், விளக்கறை வாசலில் நின்று அவரே சொல்லிவிடுகிறார். எல்லாருக்கும் நல்ல பெயர். ஒரே மூச்சில் எழுதி முடித்தேன், அங்கங்கே எனக்கே கண் கலங்கியது. காலையில் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். அவர் அப்படிப்பட்டவர் அல்ல என்பதால் இல்லை. அவள் தலையில் இருந்த சுமையை இறக்கிவைக்க அதைவிட மலிவான வழி இல்லை என்பதால்.

என் தங்கையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

“இதுல யோசிக்க என்ன இருக்குண்ணா? சொல்ல வேண்டியதுதான. உசுரு விஷயம்.”

“உன் வீட்டுக்காரரா இருந்தா?”

“இருந்தாலும்தான்.”

“அவரு உன் கையைப் புடிச்சுக்கிட்டு, வேணாம்னு சொன்னா?”

தாள்களை அடுக்கினாள். தட்டினாள். மறுபடி அடுக்கினாள். “காபி போடட்டுமா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு இந்தக் கதையைப் பற்றி அவள் பேசவில்லை.

இன்னொரு சந்தேகம் உங்களுக்கு வரலாம், எனக்கும் உண்டு. அந்த நிஜமான கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது முழுக்க வேறு விஷயமாக இருக்கலாம். மாடி வீடு, ஏணி, பிள்ளைகளிடம் சொல்லாமல் வந்தது, எதுவாகவும் இருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்றுதான் விரும்புகிறேன். ஆனால் அந்த அம்மாவின் குரலில் இருந்தது கோபம் அல்ல. அதை மட்டும் நான் கற்பனை செய்யவில்லை.

8

விளக்கறை. நான் படுத்த அறைதான், அதனால் நிச்சயமாகச் சொல்ல முடிகிறது. ஒரு கட்டில், அதன் மேல் வளைந்து தொங்கும் கை போன்ற தாங்கியில் தட்டையான விளக்கு, எரிச்சலைத் தணிக்கக் குளிர்காற்று ஊதும் ஒரு குழாய். மூலையில் கூட வருகிறவருக்கு ஒரு முக்காலி.

பாலத்துக்காரர் படுத்துவிட்டார். நர்ஸ் அலுமினியத் தாளைப் பிரித்து, மிச்சக் களிம்பைத் துடைத்தார். கட்டிலின் விளிம்பில் பாலத்துக்காரரின் கை இருக்கிறது, அதன் மேல் அவள் கை. அவர் பிடித்திருக்கிறாரா அவள் பிடித்திருக்கிறாளா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“கொஞ்சம் எரியும் ஐயா,” என்றார் நர்ஸ். “தாங்கலன்னா சொல்லுங்க, நிறுத்தி நிறுத்திப் போடலாம். கண்ணாடி மாட்டிவிடறேன்.”

கறுப்புக் கண்ணாடி அவர் கண்களை மூடியது. இனி அவருக்கு எதுவும் தெரியாது. யார் முகத்தில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. விரல்கள் மட்டும் ஒரு தடவை இறுகின. அது ‘வேண்டாம்’ என்பதாக இருக்கலாம். வெறும் பயமாகவும் இருக்கலாம்.

டாக்டர் உள்ளே வந்து விளக்கின் தூரத்தைச் சரிபார்த்தார். நெற்றிப்பொட்டை ஒரு தடவை பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். அவளிடமும் ஒரு கண்ணாடியை நீட்டினார்.

“நீங்களும் போட்டுக்குங்கம்மா. ஆரம்பிச்சிடலாமா?”

அவள் கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். மாட்டவில்லை.

அவள் வாயில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. ஒன்று: “டாக்டர், இவரு வலி தாங்க மாட்டாரு, பாத்துப் போடுங்க.” இன்னொன்று: “டாக்டர், இவரு அதை வீட்டிலயே தேய்ச்சு எடுத்துட்டாரு.” முதலாவது அவரைப் பாலத்துக்குத் திருப்பி அனுப்பும், எத்தனை காலத்துக்கு என்று தெரியாமல். இரண்டாவது அவரை அவளுக்கே விட்டுவைக்கலாம், எந்த நிலையில் என்று தெரியாமல். அடியில் ஒன்றுமே இல்லாமல் போனால் இரண்டுமே தேவையில்லாதவை. அதைத் தெரிந்துகொள்ளும் வழியும் இரண்டாவது வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது.

டாக்டரின் விரல் பொத்தானுக்கு வந்துவிட்டது. நான் எழுதுவதை நிறுத்தினால் அந்த விரல் அங்கேயே நிற்கும். ஆனால் நீங்கள் படித்து முடித்து எழுந்தால் நிற்காது. உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் இருப்பார், அவர் கை உங்கள் கைக்குக் கீழே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சூடாக இருக்கிறது. பெயின்ட் போகாத நகங்கள். அவரால் பார்க்க முடியாது. உங்கள் குரல் மட்டும் கேட்கும்.

“டாக்டர், இவரு